செகண்ட் ஹேண்ட் – ஒரு சொல், பல பொருள்

செகண்ட் ஹேண்ட். இந்தச் சொல்லைக் கேட்காதவர் இருக்க மாட்டார்.

"புது சைக்கிளா?" என்று ஒருவர் கேட்கிறார். "இல்லை, செகண்ட் ஹேண்ட்" என்று பதில் சொல்கிறோம். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கூட இந்தச் சொல்லைச் சரளமாகச் சொல்கிறார். ஆங்கிலச் சொல்தான். ஆனாலும் நம் தெருவில் அது நம் சொல்லாகவே ஆகிவிட்டது.

இந்தச் சொல்லுக்குப் பழையது என்று மட்டும்தான் பொருளா? இல்லை. பொருளுக்கும் செகண்ட் ஹேண்ட் என்பார்கள். புகைக்கும் சொல்வார்கள். செய்திக்கும் சொல்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் அதன் பொருளைத் தெரிந்துகொண்டால் நம் பணம் தப்பும். சில நேரம் உயிரும் தப்பும்.

வாருங்கள், இந்த ஒரு சொல்லைப் படிப்போம்.

1. சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

செகண்ட் என்றால் இரண்டாவது. ஹேண்ட் என்றால் கை. இரண்டும் சேர்ந்தால் இரண்டாவது கை.

இங்கே கை என்பது உரிமையாளரைக் குறிக்கிறது. தமிழிலும் நாம் இப்படித்தானே பேசுகிறோம்? "நிலம் கை மாறிவிட்டது" என்கிறோம். "வீடு கையை விட்டுப் போய்விட்டது" என்கிறோம். இங்கெல்லாம் கை என்றால் சொந்தம்.

கடையில் புதிதாக வாங்கியவர் முதல் கை. அவரிடமிருந்து வாங்குபவர் இரண்டாவது கை. அதனால் அது செகண்ட் ஹேண்ட் பொருள். அதையே மூன்றாவது ஆள் வாங்கினால் தேர்டு ஹேண்ட். ஆனால் பேச்சு வழக்கில் எத்தனை கை மாறினாலும் செகண்ட் ஹேண்ட் என்றே சொல்லிவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் இப்படி இரண்டு சொற்களைச் சேர்த்து, ஒரு பொருள் எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். நமக்குத் தெரிந்தவையே பல உண்டு.

ரெடிமேட் சட்டை – தைத்துத் தயாராக இருக்கும் சட்டை.
பார்ட் டைம் வேலை – சில மணி நேரம் மட்டும் செய்யும் வேலை.
ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் – முதல் வகுப்புச் சீட்டு.
செகண்ட் ஹேண்ட் வண்டி – முன்பே ஒருவர் வைத்திருந்த வண்டி.

இந்தச் சொற்கள் பொருளின் பெயருக்கு முன்னால் வருகின்றன. பொருள் எப்படிப்பட்டது என்று சொல்கின்றன.

செகண்ட் ஹேண்ட் என்று கேட்டவுடன் நம் மனதில் ஒரு கேள்வி வர வேண்டும். நான் இரண்டாவது கை என்றால், முதல் கை யாருடையது? இந்தப் பாடம் முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம். மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பழைய பொருள் வாங்குவது கேவலமா?

சிலர் செகண்ட் ஹேண்ட் பொருள் வாங்கியதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. குறைந்த பணத்தில் தேவை நிறைவேறுகிறது. நல்ல பொருள் குப்பைக்குப் போகாமல் தப்புகிறது.

நம் நாட்டில் பல ஊர்களில் இதற்கென்றே சந்தைகள் உண்டு. கொல்கத்தாவில் காலேஜ் ஸ்ட்ரீட் என்ற தெரு இருக்கிறது. தெரு நெடுகிலும் புத்தகக் கடைகள். ஏழை மாணவர்கள் பழைய பாடப் புத்தகங்களை அங்கே வாங்குகிறார்கள். படித்து முடித்ததும் அங்கேயே விற்கிறார்கள். டெல்லியில் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை புகழ் பெற்றது. நடைபாதையில் நடந்த அந்தச் சந்தை 2019இல் மகிளா ஹாட் என்ற இடத்துக்கு மாறியது. அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் ஞாயிறுதோறும் குஜரி சந்தை கூடுகிறது. பழைய கட்டில், பாத்திரம், கருவி எல்லாம் அங்கே கிடைக்கும்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். குஜராத்தைச் சேர்ந்த வாக்ரி சமூகப் பெண்கள் டெல்லி, அகமதாபாத் போன்ற நகரங்களில் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழில் செய்கிறார்கள். வீட்டு வாசலில் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்குவார்கள். துவைத்து, கிழிசலைத் தைத்து, சந்தையில் விற்பார்கள். ஹரியானா மாநிலத்தில் பானிபட் என்ற ஊரில் பழைய கம்பளித் துணிகளைப் பிரித்து மறுபடி நூலாக்குகிறார்கள். அந்த நூலில் விலை குறைந்த கம்பளிப் போர்வைகளை நெய்கிறார்கள்.

ஆகவே, செகண்ட் ஹேண்ட் பொருளால் பலர் பிழைக்கிறார்கள். வாங்குவது தவறு அல்ல. விசாரிக்காமல் வாங்குவதுதான் தவறு.

3. வண்டி கை மாறினால் பெயரும் மாற வேண்டும்

ஒரு கொத்தனார் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார். விற்பவர் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர். அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

"வண்டி நல்லா இருக்கு அண்ணே. விலையும் கட்டுப்படியாகுது. ஆர்.சி. புத்தகம் யார் பேர்ல இருக்கு?"

"எனக்கு வித்தவர் பேர்லயே இருக்கு தம்பி. அதனால என்ன? ரெண்டு வருஷமா நான்தானே ஓட்டறேன்."

"அப்போ முதல் கை அவரு. ரெண்டாவது கை நீங்க. நான் மூணாவது கை. ஆனா புத்தகத்துல இன்னும் முதல் கைதானே இருக்கு?"

"அட, வெள்ளைத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போதாதா?"

"போதாது அண்ணே. முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க. அப்புறம் என் பேருக்கு மாத்திக்கிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறேன்."

கொத்தனார் சொன்னது சரியா? சரிதான். ஏன் என்பதற்கு ஓர் உண்மை வழக்கைப் பாருங்கள்.

ஒருவர் 2007இல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்கு விற்றார். இப்படிப் பல கை மாறியது. ஆனால் யாரும் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றவில்லை. 2009இல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. ஓர் உயிர் போனது. இழப்பீடு யார் தருவது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் சட்டப்படி உரிமையாளர். இழப்பீடு தரும் பொறுப்பும் அவருக்கே. இதுதான் தீர்ப்பு.

விபத்துக்கு முன்பே அவர் காரை விற்றுவிட்டார். விபத்து நடந்தபோது அவர் வண்டியில் இல்லை. அதை ஓட்டியவரை அவர் வேலைக்கு வைக்கவும் இல்லை. ஆனாலும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. காரணம், வண்டி கை மாறியது, பெயர் மாறவில்லை.

பெயர் மாற்றுவது எப்படி?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதைச் சொல்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 30. வண்டி வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால், பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இதற்குப் படிவம் 28.

வண்டிக்குக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்.சி.யில் எழுதியிருக்கும். கடன் முடிந்திருந்தால் வங்கியிடம் படிவம் 35 வாங்கி அந்தப் பதிவை நீக்க வேண்டும். நீக்காத வண்டியை வாங்காதீர்கள்.

இன்சூரன்சையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்.

வண்டியின் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எண் சுரண்டியிருந்தால் விலகி வந்துவிடுங்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

படிக்கத் தெரிந்த உங்களால் இதைச் செய்ய முடியும். வேறு ஒருவரை நம்பி நிற்க வேண்டியதில்லை.

4. பழைய செல்போன்

மும்பையில் சோர் பஜார் என்று ஒரு பழைய சாமான் சந்தை இருக்கிறது. இந்தியில் சோர் என்றால் திருடன். பெயர் அப்படி இருந்தாலும் அங்கே நாணயமான வியாபாரிகள் பலர் உண்டு. ஆனால் எந்தச் சந்தையிலும் திருட்டுப் பொருள் கலந்துவிட வாய்ப்பு உண்டு. செல்போனில் இது அதிகம்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். சந்தேகப்பட நல்ல காரணம் இருந்தும் நேர்மையில்லாமல் வாங்குவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டப்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. "பாதி விலைக்குத் தருகிறேன், பில் இல்லை, யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால் அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்க எண் ஒன்று உண்டு. அதன் பெயர் ஐ.எம்.இ.ஐ. எண். போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தெரியும். அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். திருட்டுப் புகாரால் முடக்கப்பட்ட போன் என்றால் அது காட்டிவிடும்.

போனை விற்பவருக்கும் ஒரு வார்த்தை. சிம் கார்டை எடுத்துவிடுங்கள். பணம் அனுப்பும் செயலிகளிலிருந்து வெளியே வாருங்கள். படங்களையும் தகவல்களையும் முழுவதும் அழித்துவிடுங்கள். அடுத்த கைக்குப் போன் போகலாம். உங்கள் பணமும் குடும்பப் படங்களும் போகக் கூடாது.

5. விளம்பரத்தில் வரும் வேறு பெயர்கள்

சில கடைக்காரர்கள் செகண்ட் ஹேண்ட் என்று எழுத மாட்டார்கள். அழகான வேறு பெயர் வைப்பார்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

யூஸ்டு – பயன்படுத்தியது.
ப்ரீ ஓன்டு – முன்பே ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது.
சிங்கிள் ஓனர் – இதுவரை ஒரே உரிமையாளர்தான்.
ரீகண்டிஷன் – பழுது பார்த்து மறுபடி ஓடும்படி செய்தது.
ரிஃபர்பிஷ்டு – பழைய பொருளைச் சோதித்து, குறை நீக்கி விற்பது.

முதல் மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். கடைசி இரண்டில் பழுது பார்த்ததாகச் சொல்கிறார்கள். அப்படியானால் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள்.

தையல் மிஷின் வாங்கும் அக்கா ஒருவர் இப்படிச் செய்வார். வீட்டிலிருந்து இரண்டு துண்டுத் துணி கொண்டு போவார். ஒன்று மெல்லிய துணி, இன்னொன்று தடித்த துணி. கடையிலேயே இரண்டையும் தைத்துப் பார்ப்பார். நூல் அறுகிறதா, தையல் விடுகிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார். நல்ல வழி, இல்லையா?

6. செகண்ட் ஹேண்ட் ஆகக் கூடாதவை

எல்லாப் பொருளையும் பழையதாக வாங்கலாமா? கூடாது.

ஊசி: ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடவே கூடாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி ஆகிய கிருமிகள் அதனால் பரவும். 2009இல் குஜராத்தில் மோடாசா என்ற ஊரில் ஹெப்படைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். பயன்படுத்திய ஊசிகளைத் திரும்பவும் பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஆகவே, ஊசி போடும்போது புதிய உறையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிளேடு: சவரக் கடையிலும் புது பிளேடு போடச் சொல்லுங்கள்.

ஹெல்மெட்: ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே விரிசல் இருக்கலாம். வெளியே தெரியாது. அடுத்த முறை அது தலையைக் காப்பாற்றாது.

கேஸ் குழாய்: பழைய அடுப்பு வாங்கலாம். ஆனால் குழாயைப் புதிதாக வாங்குங்கள்.

மருந்து: ஒருவர் சாப்பிட்டு மீந்த மாத்திரையை "எனக்கும் அதே காய்ச்சல்தான்" என்று வாங்கிச் சாப்பிடக் கூடாது.

7. செகண்ட் ஹேண்ட் புகை

இதுவரை பார்த்த செகண்ட் ஹேண்ட் எல்லாம் காசு கொடுத்து வாங்குவது. காசு கொடுக்காமலே நமக்கு வரும் செகண்ட் ஹேண்ட் ஒன்று உண்டு. அதுதான் புகை.

அப்பா திண்ணையில் பீடி பிடிக்கிறார். பக்கத்தில் குழந்தை விளையாடுகிறது. பீடியின் புகை அப்பாவின் நெஞ்சுக்குள் போகிறது. அது முதல் கை. அவர் விடும் புகையும் பீடி நுனியிலிருந்து எழும் புகையும் குழந்தையின் நெஞ்சுக்குள் போகின்றன. அது இரண்டாவது கை. இதைத்தான் டாக்டர்கள் செகண்ட் ஹேண்ட் ஸ்மோக் என்கிறார்கள்.

குழந்தை பீடியைத் தொடவில்லை. ஆனால் நோய் குழந்தைக்கும் வரும். மூச்சிழுப்பு, காது நோய், சளிக் காய்ச்சல் எல்லாம் வரலாம். பெரியவர்களுக்கு மாரடைப்பும் நுரையீரல் புற்றுநோயும் வரலாம். உலகத்தில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிறர் விட்ட புகையால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். போதாது.

1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகை பிடிப்பது சட்டப்படி குற்றம் என்று சொன்னது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பொது இடங்களில் தடை வேண்டும் என்றது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளிலிருந்து விரிவான விதிகள் நடப்புக்கு வந்தன. பஸ் நிலையம், மருத்துவமனை, அலுவலகம், டீக்கடை போன்ற இடங்களில் புகை பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் வீட்டுக்குள் போலீஸ் வர முடியாது. வீட்டில் நாம்தான் சொல்ல வேண்டும். "குழந்தைக்கு ஆகாதுங்க, விட்டுடுங்க" என்று மனைவி சொல்லலாம். "அப்பா, வீட்டுல வேண்டாம்ப்பா" என்று மகள் சொல்லலாம்.

8. செகண்ட் ஹேண்ட் செய்தி

"கண்ணால் பார்த்தாயா?"

"இல்லை. அவர் சொன்னார்."

இதுதான் செகண்ட் ஹேண்ட் செய்தி. நேரில் பார்த்தவர் முதல் கை. அவரிடம் கேட்டவர் இரண்டாவது கை. வண்டி கை மாறக் கை மாறத் தேயும். செய்தி கை மாறக் கை மாற வளரும். கால், மூக்கு, காது எல்லாம் முளைக்கும்.

நீதிமன்றத்துக்கு இது நன்றாகத் தெரியும். சாட்சிக் கூண்டில் ஏறுபவர், தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தன் காதால் கேட்டதைச் சொல்ல வேண்டும். "இன்னொருவர் பார்த்ததாகச் சொன்னார்" என்பதைப் பொதுவாக நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. சில விலக்குகள் மட்டும் உண்டு. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இது இருந்தது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது இருக்கிறது.

நீதிமன்றம் இவ்வளவு கவனமாக இருக்கிறது. நாம் எப்படி இருக்கிறோம்?

2018இல் பல மாநிலங்களில் ஒரு வதந்தி பரவியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பினார். பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்பினார்கள். முதலில் அனுப்பியது யார்? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்று ஒரு கிராமம். 2018 ஜூலை 1, சந்தை நாள். யாசகம் கேட்டுப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அங்கே வந்தார்கள். அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் நினைத்தது. ஐந்து பேரையும் அடித்தே கொன்றுவிட்டது. அவர்கள் எந்தப் பிள்ளையையும் பிடிக்கவில்லை.

அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று ஆக்கியது. பிறர் அனுப்பியதை மறுபடி அனுப்பினால் செய்தியின் மேலே ஃபார்வர்டட் என்று எழுதி வருகிறது. அதன் பொருள், அனுப்பியவர் இதை எழுதவில்லை, இது செகண்ட் ஹேண்ட் செய்தி என்பதுதான்.

பழைய வண்டி வாங்கும்போது கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். முதல் கை யாருடையது? யார் பார்த்தது? எந்த ஊர்? எந்த நாள்? பதில் இல்லாவிட்டால் உங்கள் கையோடு அதை நிறுத்திவிடுங்கள். அடுத்த கைக்குத் தராதீர்கள்.

செகண்ட் ஹேண்டுக்கு எதிர்ச் சொல் ஃபர்ஸ்ட் ஹேண்ட். நேரில் கண்டது, நேரில் அறிந்தது என்று பொருள். "நான் ரேஷன் கடைக்குப் போனேன். அரிசி வந்திருக்கிறது. பார்த்தேன்" என்றால் அது ஃபர்ஸ்ட் ஹேண்ட் செய்தி. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. அரசாணையில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்க வேண்டாம். நாமே படிக்கலாம். அதுவும் முதல் கைதான்.

9. கடிகாரத்திலும் ஒரு செகண்ட் ஹேண்ட்

கடைசியாக ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் செகண்ட் என்ற சொல்லுக்கு நொடி என்றும் பொருள் உண்டு. கடிகார முள்ளை ஆங்கிலத்தில் ஹேண்ட், அதாவது கை என்கிறார்கள். ஆகவே கடிகாரத்தில் வேகமாக ஓடும் நொடி முள்ளுக்கும் செகண்ட் ஹேண்ட் என்றே பெயர். அது பழைய முள் அல்ல. புத்தம் புதுக் கடிகாரத்திலும் செகண்ட் ஹேண்ட் இருக்கும்!

ஒரே சொல்தான். இடத்தைப் பார்த்துத்தான் பொருளைச் சொல்ல வேண்டும்.

பயிற்சி

அ. சரியா, தவறா?
1. வண்டியை விற்றுவிட்டால், ஆர்.சி.யில் பெயர் மாறாவிட்டாலும் பொறுப்பு நமக்கு இல்லை.
2. பிறர் விடும் புகையால் குழந்தைக்கு நோய் வரும்.
3. பழைய ஹெல்மெட் வாங்குவது நல்லது.
4. "அவர் பார்த்ததாகச் சொன்னார்" என்பது ஃபர்ஸ்ட் ஹேண்ட் செய்தி.

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. செகண்ட் ஹேண்ட் என்றால் இரண்டாவது ______.
2. வண்டியை வாங்கியவர் ______ நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.
3. செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணில் ______ இலக்கங்கள் உண்டு.
4. பொது இடத்தில் புகை பிடித்தால் ______ ரூபாய் வரை அபராதம்.

இ. எழுதிப் பழகுங்கள்.
பழைய பொருள் வாங்கும்போது கீழே உள்ளது போல ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். வண்டிக்கு இந்தச் சீட்டு மட்டும் போதாது, ஆர்.டி.ஓ. படிவங்களும் வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதிப் பாருங்கள்.

விற்பனைச் சீட்டு
நாள்: ______
பொருள்: ______
பொருளின் எண்: ______
விலை: ______ ரூபாய் (எழுத்தில்: ______)
விற்பவர் பெயர், முகவரி: ______
வாங்குபவர் பெயர், முகவரி: ______
இந்தப் பொருள் என் சொந்தப் பொருள். இதன் மேல் கடன் எதுவும் இல்லை. மேலே உள்ள தொகையைப் பெற்றுக்கொண்டேன்.
விற்பவர் கையெழுத்து: ______
வாங்குபவர் கையெழுத்து: ______
சாட்சி: ______

ஈ. கூடிப் பேசுங்கள்.
1. உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா?
2. இந்த வாரம் உங்கள் காதுக்கு வந்த செய்திகளில் எது முதல் கை? எது இரண்டாவது கை?

விடைகள்
அ. 1. தவறு 2. சரி 3. தவறு 4. தவறு
ஆ. 1. கை 2. 30 3. 15 4. 200